கை நடுங்காத தோழி

சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். கிணற்றடிக்குப் போகப் பயம், ஊசி போட்டுக்கொள்ளப் பயம், சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு கண்மண் தெரியாமல் வரும் டிப்பர் லாரிக்குப் பயம். லாரிக்குப் பயப்படாதவர்கள் அரியலூர்ப் பக்கம் யாரும் கிடையாது என்பதால் அதை மட்டும் எவரும் கேலி செய்ததில்லை. மற்றதற்கெல்லாம் என் தோழி என்னைப் 'பயந்தாங்கொள்ளி' என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அப்படிக் கூப்பிட்டதுதான் அதிகம்.

அவளும் நானும் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவர்களுக்கு நிலம் உண்டு, போர்வெல் உண்டு, மாடி வீடு உண்டு. என் தாத்தா அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவர். அப்பா காலத்தில் அதெல்லாம் விட்டுப்போய், மெயின் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்துவிட்டோம். பழையதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நானும் அவள் வீட்டுக்கு முன்வாசல் வழியாகத்தான் போவேன். ஆனால் ஹாலில் அவள் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இருந்தாலும் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

கொரோனா ஊரடங்கு வந்தபோது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. ரோட்டில் ஒரு லாரி இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அப்படி நின்றுபோனது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, பயத்தைத்தான் தந்தது. கோயம்பேட்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் நோய் பரவுகிறது என்று தெரு முனையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். ஒருநாள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து பக்கத்துத் தெருக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் முகமே தெரியவில்லை. நான் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருக்கும்போதுதான் அவள் ஃபோன் செய்தாள்.

"ஏய் பயந்தாங்கொள்ளி, அவங்க மனுசங்களே இல்லன்னு வச்சுக்க. மெஷினுன்னு வச்சுக்க. ஒரு கதை எழுதுவமா?"

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கதை. உலகம் அழிந்துபோகிறது. ஊருக்கு வெளியே வெட்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புச் சுரங்கம் ஒன்று உண்டு, அடியில் பச்சைத் தண்ணீர் கிடக்கும். அந்தக் குழிக்குள் இரண்டு பெண்கள் ஒளிந்து வாழ்கிறார்கள். மேலே ரோட்டில் லாரிகளுக்குப் பதில் ஆண்ட்ராய்டுகள் நடமாடுகின்றன. பார்க்க மனிதர்கள், உள்ளே யந்திரம். என் அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு என்றால் ஃபோன்தான். "ஃபோனப் பாத்து என்னாடி பயம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு அத்தியாயம் அவள் அனுப்புவாள், அடுத்தது நான். என் அத்தியாயத்தில் எல்லோரும் ஓடுவார்கள். அவள் தன் அத்தியாயத்தில் அத்தனை பேரையும் நிறுத்தி, ஒரு ஆண்ட்ராய்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடுவாள். "பேசுனாத்தான டீ தெரியும்?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். குழிக்குள் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி உண்மையில் ஆண்ட்ராய்டு என்று கதையின் நடுவில் முடிவு செய்தோம். எவள் என்று பேச்சு வந்ததும் சண்டை. அது நானில்லை என்று அவளும், அது நிச்சயமாக நானில்லை என்று நானும் நின்றோம். அந்த இடத்திலேயே கதை நின்றுவிட்டது.

அரியலூரில் கல்லூரி முடித்த கையோடு அவள் வீட்டில் ஜாதகத்தை எடுத்தார்கள். அவளுக்கு மேலே படிக்க ஆசை, அதைவிட, யாரென்றே தெரியாத ஒருவன் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற வெறி. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள். அவள் ஒரு வேலையில் இருக்கும்வரை ஜாதகம் பீரோவை விட்டு வெளியே வராது. வேலை போனால் அவர் பார்க்கும் இடத்தில் கழுத்தை நீட்ட வேண்டும். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வேலை வேணும் டீ. என்ன வேலையா இருந்தாலும் சரி. அது கையவுட்டுப் போவக்கூடாது" என்றாள்.

வேலை பெரம்பலூரில் கிடைத்தது. புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. இன்டர்வியூவில் மார்க் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், விரலை மடக்கி விரிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். இருவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை என்ன என்று அம்மாவுக்குப் புரிய வைக்க எனக்குப் பல நாள் பிடித்தது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் சின்ன கேமராவை மாட்டிவிடுவார்கள். முன்னால் ஒரு மேசை. அதன்மேல் துண்டு மடிக்க வேண்டும், தட்டுக் கழுவ வேண்டும், புத்தகம் அடுக்க வேண்டும், டப்பாவைத் திறந்து மூட வேண்டும். கேமரா எங்கள் கையை மட்டும் பார்க்கும். எங்கோ வெளிநாட்டில் மனித உருவத்தில் ரோபோ செய்கிறார்கள், அதற்கு வீட்டு வேலை பழக்க எங்கள் கை வேண்டுமாம். நாங்கள் கதையில் எழுதிய அதே ஆண்ட்ராய்டு. முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அவள் என்னை இடித்து, "பாத்தியா, உன் ஆளுக்கே டீச்சர் ஆயிட்டோம்" என்று சிரித்தாள்.

சட்டங்கள் நிறைய. தொடங்கும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். 'பீப்' என்று ஒலி வந்ததும் வேலை. முடித்ததும் மறுபடி விரித்துக் காட்டி, அடுத்த ஒலி வரும்வரை அசையக் கூடாது. கை நடுங்கக் கூடாது. நடுவில் சொறிந்தால், தடுமாறினால், வேலையை விட்டு வேறு அசைவு வந்தால் அந்தப் படம் கழிக்கப்படும், முதலிலிருந்து எடுக்க வேண்டும். அடிக்கடி கழிபட்டால் வேலை போய்விடும்.

வளையல் கூடாது என்றார்கள், வெளிச்சம் பட்டு மின்னுகிறதாம். நான் கழற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறியதும் மாட்டிக்கொள்வேன். அம்மாவுக்குத் தெரிந்தபோது சாமியாடிவிட்டாள். "வயசுப்புள்ள வெறுங்கையோட வேல செய்யிறதா? அது என்னா ஆபீஸு, எழவு வூடா?" என்று கத்தினாள். என் தோழி சில நாள் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆனால் எங்களை எல்லாம் மாட்டிவிட்டது வளையல் இல்லை, புத்தகம். அடுக்கும்போது கை தவறிப் புத்தகம் காலில் விழும். விழுந்தால் என்ன செய்வோம்? குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அந்த அறையிலிருந்த ஒருத்தி பாக்கியில்லாமல் அதைச் செய்தோம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த பெண் எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் வைத்துவிட்டு, "யா அல்லாஹ், கை தானா போவுதுக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நெற்றிக் கேமராவுக்கு நேராகப் புத்தகம் வந்து மோதினால் படம் இருட்டடித்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வேறு, இது எந்த வேலையின் பகுதி என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த சூப்பர்வைசர் அக்கா நல்ல மாதிரி. அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "கண்ணுல ஒத்திக்கிறீங்கல்ல, அது வேண்டாம்மா. மெஷினுக்கு அது எதுக்குன்னு புரியாது. குழம்பிடும்."

எனக்கு அது வரவே இல்லை. கையை இறுக்கிப் பிடித்தால் விரல் நடுங்கும், நடுங்கினால் படம் கழிபடும். என் தோழிக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எப்படி என்று கேட்டேன்.

"வூட்டுல உக்காந்து புஸ்தகத்தக் கால்ல போட்டுப் போட்டு எடுத்தேன். மொதல்ல கை போச்சு. அப்பறம் பாதி தூரம் போச்சு. இப்ப போவல, பாரு." கையிலிருந்த தினசரியைத் தன் பாதத்தில் போட்டு எடுத்துக் காட்டினாள். முகத்தில் பெருமை. நானும் சிரித்து வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது.

அதற்குப் பிறகு அவளை நான் உளவு பார்க்க ஆரம்பித்தேன் என்றே சொல்லலாம். பக்கத்து மேசை எனக்கு. ஒரு பகல், அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது புறங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிப்பாள், உதறுவாள் என்று பார்த்தேன். அவள் காலரை மடித்தாள், கையை மடித்தாள், அழுத்தி நீவினாள். கொசு குடித்து வயிறு சிவந்து தானே பறந்து போனது. அவள் உள்ளங்கைகளை விரித்து ஒலிக்காகக் காத்திருந்தாள். ஒலி வந்தபிறகுதான் சொறிந்தாள். எனக்கு அந்தப் பகல் முழுக்க உடம்பில் எங்கெங்கோ அரித்தது.

பஸ்ஸில் நடந்தது அதைவிட மோசம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் கூட்டத்தில் ஜன்னலோரம் நுழையும்போது அவள் கால் என் காலில் பட்டது. மிதித்தே விட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கால் என்மேல் எத்தனையோ தடவை பட்டிருக்கிறது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட உடனே என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்புறம்தான் முறைப்பாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்தாள், வெளியே பார்த்தாள். நான் காத்திருந்தேன். லாரி ஒன்று எங்களை ஒட்டி உரசுவதுபோல் கடந்து போனது, அதற்குக்கூட நான் பயப்படவில்லை. இவள் கையைப் பார்த்துத்தான் பயந்தேன். மடியில் அசையாமல் கிடந்தது.

"ஏய், என்னை மிதிச்ச டீ."

"ஆமா, சாரி" என்றாள். வாயால்தான் சொன்னாள்.

சின்ன விஷயம்தான். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் கதையில் ஆண்ட்ராய்டுகளுக்கு எத்தனையோ பயங்கரமான குணம் கொடுத்திருந்தோம். கண் சிவப்பாகும், குரல் மாறும், கழுத்து முழுவட்டம் திரும்பும். இப்படி ஒன்றை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

பிறகு அந்த வீடியோ வந்தது. எங்கள் உழைப்பின் பலனைப் பாருங்கள் என்று சூப்பர்வைசர் அக்கா எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். வெள்ளை அறை, மேசை, அதன் பின்னால் தலையில்லாத ஒரு உடம்பு, இரண்டு கருப்புக் கை. ஒரு சட்டையை எடுத்து மடித்தது. நிதானமாக மடித்தது. மடித்து முடித்ததும் இடது மணிக்கட்டைச் சற்றே உள்ளே சாய்த்து, சுண்டுவிரல் பக்கமாகச் சட்டையை இரண்டு தட்டுத் தட்டியது.

அது அவள் தட்டு. பள்ளிக்கூடத்தில் நோட்டு அட்டை போட்டு முடித்ததும் அப்படித்தான் தட்டுவாள். கடலை மூட்டை கட்டிய பிறகும் அப்படித்தான். அந்த மணிக்கட்டுச் சாய்வை எனக்கு இருட்டில்கூட அடையாளம் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் என் தொடையை அழுத்தி, "என் கை டீ! அது என் கை!" என்று காதில் சொன்னாள். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தாள். நான் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அவள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போட்டாள்.

"உனக்கென்ன டீ, வேலைய வுட்டா உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்கு அப்படியா? இந்த வேல இருக்கறவரைக்கும்தான் நான் நானா இருக்க முடியும்."

"நீ இப்ப நீயா இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் கறுத்துப்போனது. "நீ பயப்படுறதுனால நான் மெஷின் ஆயிட மாட்டேன். போடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சில நாளில், நின்றுபோன எங்கள் கதைக்கு ஒரு அத்தியாயம் அனுப்பினாள். அதில் குழிக்குள் இருக்கும் இருவரில் ஒருத்தி, மற்றவளைப் பார்த்துப் பயந்து மேலே ஏறி ஓடிவிடுகிறாள். மிச்சமிருப்பவள் தனியாகப் பச்சைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம். நான் பதில் எழுதவில்லை. கோபமும் இருந்தது, அதைவிட, மறுபடி அவள் கையைப் பார்க்கப் பயம் இருந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தோம். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று லப்பைக்குடிக்காட்டுப் பெண்தான் ஃபோனில் சொன்னாள். துணி மடிப்பதையெல்லாம் ரோபோ போதுமான அளவு கற்றுக்கொண்டதாம், இனி வேறு நாட்டில் வேறு வேலை எடுக்கிறார்களாம். மேசைகளை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நொடியே பீரோவிலிருந்த ஜாதகம் ஞாபகம் வந்தது.

அவள் அம்மா என்னைக் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து பொண்ணு பாக்க வராங்கம்மா. நீ வந்து கூட இரு. வூட்டுல வாயே தொறக்க மாட்டேங்கறா. நீ இருந்தா ஏதாச்சும் பேசுவா" என்றார். அந்தக் குரலிலும் பயம் இருந்தது. நான் போனேன்.

அவளுக்கு அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்றாள். நான் அவள் பொட்டைச் சரி செய்தேன். அவள் கண்ணைச் சிமிட்டாமல் நின்றாள்.

ராகுகாலத்துக்கு முன்பே இரண்டு காரில் வந்துவிட்டார்கள். ஹாலில் ஏழெட்டுப் பேர். கேசரி, பஜ்ஜி ஆனதும் காபித் தட்டை அவளிடம் கொடுத்து அனுப்பினார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். வலது கை தட்டின் விளிம்பில், இடது கை அடியில். அப்போதுதான் இறக்கிய காபி, டம்ளர் விளிம்புவரை ஊற்றியிருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஃபோனில் பேசிக்கொண்டே டம்ளரை எடுத்தார். அவர் முழங்கை தட்டில் இடித்தது. இரண்டு டம்ளர் சரிந்து, ஆவி பறக்க அவள் இடது கையில் கொட்டியது.

அவள் அசையவில்லை.

வளையல்கூடச் சத்தம் போடவில்லை. தட்டு நேராக நின்றது. காபி அவள் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டியது. "ஐயையோ" என்று மாமா எழுந்தார். அவள் அடுத்தவரிடம் நகர்ந்தாள், அவருக்கு நீட்டினாள், அதற்கடுத்தவருக்கு நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா வாயில் கைவைத்து, "தட்டுகூட ஆடல, பாத்தீங்களா! என்னா பொறுமை! இப்ப எந்தப் பொண்ணுகிட்ட இது இருக்கு?" என்றார். ஹாலில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அத்தனை பேர் முன்னால், அந்த ஹாலில், வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் உள்ளே வந்து தட்டை வைத்ததும் இழுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினேன். புறங்கை முழுக்கச் சிவந்து, கட்டைவிரல் அடியில் தோல் உப்பியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"சுடலையா டீ? சொல்லுடி, சுடலையா?"

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்து, இரண்டு உள்ளங்கையையும் எனக்கு முன்னால் விரித்துக்கொண்டு நின்றாள். கண் எங்கோ இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் உயிரே போய்விட்டது. ஒலிக்காகக் காத்திருக்கிறாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், நான் வாயால் "பீப்" என்றேன்.

அவள் அப்படியே குழாயடியில் சரிந்து உட்கார்ந்தாள். "வலிக்குது டீ" என்றாள். "ரொம்ப வலிக்குது. கொட்டுனப்பவே வலிச்சுது. கை வர மாட்டேங்குது டீ, எடுக்கணும்னு நெனைக்கிறேன், வர மாட்டேங்குது." என் தோளில் முகத்தை வைத்து நடுங்கினாள். அவ்வளவு நாளும் அவளைப் பார்த்துப் பயந்தேனே, அந்தப் பயம் முழுவதையும் அவள் எனக்கு முன்பே தனியாகப் பட்டிருக்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, பூ வைத்துவிட்டே போய்விடலாம் என்று சொல்வது கேட்டது. அவள் எழுந்தாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன், "வேணாம் டீ, அப்பறம் பேசிக்கலாம்" என்று கெஞ்சினேன். அவள் நேராக ஹாலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

கையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். "இது பொறுமை இல்லீங்க. ஆபீஸுல அசையக் கூடாதுன்னு பழக்கிட்டாங்க. எனக்கு வலிச்சுது. இப்படியே இன்னொரு வூட்டுல வந்து இருக்க என்னால முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "என்னங்க இது, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்க" என்று எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் அவள் கையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் அம்மா சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து, "பாப்பா, நீ கெளம்பு" என்றார். கோபமில்லாத குரல், அதனால்தான் அதிகம் பயந்தேன். என் தாத்தா அந்தக் குரலுக்கு எத்தனை முறை எழுந்து நின்றிருப்பாரோ, என் காலும் வாசல் பக்கம் திரும்பியது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி நடுங்கியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேங்கய்யா" என்று என் வாய் சொன்னது, என் காதுக்கே கேட்கவில்லை.

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம். எதை எடுத்துக்கொண்டு வருவாரோ என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டோம். என் வாழ்க்கையில் நான் அதிகம் பயந்த நிமிஷம் அதுதான். அந்தக் கருப்புக் கை சட்டை மடித்ததெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

அவர் ஒரு கிண்ணத்தில் தோசை மாவோடு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டு, கொப்புளத்தின்மேல் மாவைத் தடவினார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி மாவு பட்டுப்புடவையில் சிந்தியது.

"சுட்டா கைய எடுக்க வேணாமா?" என்றார். "தட்டு வுழுந்தா வுழுவுது. நான் பக்கத்துலதான நின்னேன். பொறுமைன்னு நெனச்சுல்ல நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன்." கொப்புளத்தின் ஓரத்தில் வழிந்த மாவை விரலால் வழித்து மறுபடி தடவினார்.

கல்யாணப் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விடவில்லை. தை பிறந்ததும் மறுபடி பீரோவைத் திறந்தார். ஆனால் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எடுக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். அவர் எழுந்து போய்விட்டாராம். அன்று மாலை எனக்கு ஃபோன் செய்தவள், அவர் சரி என்றாரா இல்லையா என்பதைச் சொல்லவே இல்லை. "கேட்டாரு டீ," என்றாள், "என்கிட்ட கேட்டாரு டீ" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.